இரண்டாவது வரிசையில் நிற்கும் டர்பன்காரர்

அமெரிக்க ராக் குழு பீச் பாய்ஸ் என்றதும் கலிஃபோர்னியா, கடற்கரை, அலைச்சறுக்குப் பலகை, கோடு போட்ட சட்டை போட்ட வெள்ளைக்காரப் பையன்கள், இதுதான் எல்லோருக்கும் கண்முன் வரும். அந்தக் குழுவின் 'ஸெயில் ஆன், ஸெயிலர்' பாட்டைக் கேட்டவர்களிடம், இதைப் பாடுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். குழுவைத் தொடங்கிய வில்சன் சகோதரர்களில் யாரோ ஒருவர் என்பார்கள். இல்லை. பாடியவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர், நான் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே டர்பன். பெயர் பிளாண்டி சாப்ளின், பிறந்த வருஷம் 1951. கிட்டார் வாசிப்பவர், பாடுபவர், ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் குழு குழுவாக மாறி மாறி வாசித்தவர்.

அவரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. இந்த ஊரில் இவ்வளவு தமிழர்கள் இருக்கிறோம், நாமாவது எழுதி வைப்போமே என்றுதான் இதைத் தொடங்கினேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலைக்காக இங்கே வந்தவன், சொந்த ஊர் மதுரைப் பக்கம். சனி ஞாயிறுகளில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று கல்யாண மண்டபங்களில் தமிழ்ப் பாட்டு வாசிக்கிற ஒரு ட்ரூப்பில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். இதற்கு முன்னால் வேறு ட்ரூப், அதற்கு முன்னால் ஊரில் வேறு ஒன்று. நம் ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது, எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: "அவனா, நல்லாத்தான் வாசிப்பான், ஆனா ஒரு இடத்துல நிக்கமாட்டான்." ட்ரூப் மாறினாலே விசுவாசம் இல்லாதவன், இல்லாவிட்டால் சரக்கு இல்லாதவன். இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு கிட்டார்காரர் எத்தனை இடத்தை விட்டு வந்தார் என்று எண்ணுவதில் என்ன இருக்கிறது? போன இடத்தில் எல்லாம் அவருக்கு ஏன் இடம் கொடுத்தார்கள், விட்டு வந்த இடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்களா, அதைப் பார்க்க வேண்டாமா? பிளாண்டியின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி.

முதலில் அந்தப் பாட்டு. இதுவரை கேட்காதவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை. ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று மூன்றாக, தகிட தகிட என்று உருண்டுகொண்டே போகும், எங்கேயும் நிற்காது. வாத்தியங்கள் அந்த உருட்டலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, குரல் மட்டும் தட்டுக்கு ஒரு இழை பின்னால் தங்கித் தங்கி வருகிறது. தொண்டையில் ஒரு கரகரப்பு இருக்கும், ஆனால் சுருதி அசையாது. மேலே போகிற இடங்களில் கத்தாமல், அதே சமயம் அடக்கியும் வாசிக்காமல், சரியான அளவில் குரலைத் திறக்கிறார். பீச் பாய்ஸ் பாட்டுகளில் பொதுவாகப் பல குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பாலிஷ் போட்ட மாதிரி வரும். இந்தப் பாட்டிலும் பின்னால் அந்த அடுக்கு இருக்கிறது, ஆனால் முன்னால் நிற்கும் குரல் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளில் ஊறி வந்த குரல். அந்த இரண்டும் உரசுகிற இடம்தான் பாட்டின் உயிர்.

அது பதிவான கதையும் சுவாரசியமானது. 1972 கோடையில் பீச் பாய்ஸ் குடும்பம் குட்டிகளோடு ஹாலந்துக்குப் போய், பாம்ப்ருகே என்ற சின்ன ஊரில் ஒரு பண்ணைக் கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றி, கலிஃபோர்னியாவிலிருந்து கருவிகளை எல்லாம் வரவழைத்து 'ஹாலந்து' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ரெக்கார்டு கம்பெனி கேட்டுவிட்டு, இதில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளியிடுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம்தான் பிரையன் வில்சனும் பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸும் சேர்ந்து போட்டு வைத்திருந்த இந்தப் பாட்டை எடுத்தார்கள், அதில் இன்னும் சிலர் வரிகளும் கலந்திருக்கின்றன. பாட டென்னிஸ் வில்சன் முயன்றார், கார்ல் வில்சன் முயன்றார், கடைசியில் பிளாண்டியிடம் வந்தது. இதற்கு இடம் கொடுக்க ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றப்பட்டது 'வி காட் லவ்', பிளாண்டியும் அவருடைய டர்பன் கூட்டாளி ரிக்கி ஃபட்டாரும் பீச் பாய்ஸின் பாடகர் மைக் லவ்வோடு சேர்ந்து எழுதிய பாட்டு. தான் எழுதியது வெளியே போக, வேறொருவர் எழுதியதைப் பாடத் தன் குரல் உள்ளே வந்தது. பாடிய விதத்தில் இதன் சாயல் துளிகூட இல்லை.

சரி, டர்பனுக்கு வருவோம்.

பிளாண்டி வந்தது தி ஃபிளேம்ஸ் என்ற குழுவிலிருந்து. 1963-ல் ஸ்டீவ் ஃபட்டார் தொடங்கியது. ஸ்டீவ் கிட்டார், பிரதர் என்றே எல்லோரும் கூப்பிட்ட எட்ரிஸ் ஃபட்டார் பாஸ், இவர்களுடைய தம்பி ரிக்கி டிரம்ஸ். ரிக்கி 1952-ல் பிறந்தவர், குழுவில் சேரும்போது பள்ளிக்கூடப் பையன். பிளாண்டியும் பதின்வயதில்தான் சேர்ந்தார். அன்றைய சட்டப்படி நால்வரும் வெள்ளையர் அல்லாதவர்கள். எங்கே குடியிருக்கலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம், எந்த ஹாலில் யார் முன்னால் வாசிக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்த காலம். ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கி 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் நம் ஆட்கள் கேட்டோ மேனரை விட்டுப் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்டது இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோருக்கும் குடும்பக் கதை. பிரிட்டனிலிருந்து வந்த பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டு, நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கும் கூட்டத்துக்கு முன்னால் பாடமாட்டேன் என்று சொன்னதற்காக 1964-ல் நாட்டை விட்டே அனுப்பப்பட்டார். 1968-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தென்னாப்பிரிக்காவோடு கலைத் தொடர்புகளை நிறுத்திவைக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. தொலைக்காட்சி என்பதே இந்த நாட்டுக்கு 1976-ல்தான் வந்தது.

அப்படியானால் ஒரு பையன் ராக் கிட்டார் எங்கே கற்றுக்கொள்வான்? ரேடியோவில். பக்கத்து மொசாம்பிக்கின் லோரன்ஸோ மார்க்கிஸிலிருந்து ஒலிபரப்பான எல்.எம். ரேடியோதான் இங்கே ஒரு தலைமுறைக்கே பாப் பாட்டு வாத்தியார். அப்புறம் கடைத்தெருவில் கிடைத்த இசைத்தட்டுகள். கிரே தெருவும் அதைச் சுற்றிய தெருக்களும் அன்று இந்தியர்களின் டர்பன், சினிமாக் கொட்டகைகள், துணிக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள். விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் ஜாஸுக்குப் பேர்போன இடம். (இன்று அந்தத் தெருக்களுக்குப் பெயர் மாறிவிட்டது, கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, விக்டோரியா தெரு பெர்த்தா ம்கிஸே தெரு. ஆனால் வயதானவர்களிடம் வழி கேட்டால் பழைய பெயர்தான் வாயில் வரும்.) இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழு பிழைக்க வேண்டுமென்றால் ஒரே மாதிரி வாசித்துக் கட்டாது. இன்று பீட்டில்ஸ் கேட்பான், நாளைக்கு சோல் கேட்பான், மெதுவாக ஆடுவதற்கு ஒன்று கேட்பான். எல்லாவற்றையும் காதால் கேட்டு அப்படியே இறக்க வேண்டும். எங்கள் மாதிரி ட்ரூப்களுக்கு இது தெரிந்த விஷயம். நோட்டுத்தாள் வைத்துக்கொண்டு யாரும் சொல்லித் தரவில்லை, காதுதான் பள்ளிக்கூடம்.

எங்கள் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசிக்கும் பையனின் தாத்தா சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். ஃபிளேம்ஸ் என்று பேச்செடுத்ததும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் சின்ன 45 தட்டுகள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியது. அதிலிருந்து ஒன்றை ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கையால் பிடித்து எடுத்து, வாயால் ஊதாமல் (எச்சில் படுமாம்) சட்டையின் நுனியால் தூசியைத் தட்டினார். லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் அவர் பெயரின் முதல் எழுத்து. பார்ட்டிக்கு எடுத்துக்கொண்டு போனால் யாராவது மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லோரும் அப்படித்தான் எழுதி வைப்பார்களாம். 'ஃபார் யுவர் ப்ரெஷஸ் லவ்', 1968. அமெரிக்காவில் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் 1958-ல் பாடிய பாட்டு, இங்கே ஃபிளேம்ஸ் பாடி ஊரெல்லாம் ஒலித்தது. பாடியவர் பிளாண்டி. தட்டு சுற்றத் தொடங்கியதும் சரசரவென்று சத்தம், அதற்குள்ளிருந்து அந்தக் குரல். பதினாறு பதினேழு வயசுப் பையனின் குரல் என்று சொன்னால் நம்ப முடியாது.

"இந்தப் பாட்டு போடாத கல்யாணம் அப்ப கிடையாது தம்பி" என்றார் தாத்தா. "பாஸ் பாரு, பாஸ் பாரு" என்று விரலால் தொடையில் தட்டிக் காட்டினார். பிளாண்டி பின்னாளில் பீச் பாய்ஸில் பாடியது அவருக்குத் தெரியும். பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸோடும் வாசித்தது தெரியாது. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியா, யாரும் சொல்லலியே" என்றார். இந்த ஊர்ப் பையன் ஒருவன் அவ்வளவு தூரம் போனது இந்த ஊரிலேயே தெரியாமல் கிடக்கிறது என்பது என்னை ரொம்ப உறுத்தியது.

ஃபிளேம்ஸ் அறுபதுகளின் கடைசியில் லண்டனுக்குப் போனார்கள். அங்கே ஒரு இரவு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது பீச் பாய்ஸ் ஆட்களின் கண்ணில் இவர்கள் பட்டார்கள். கார்ல் வில்சனுக்குப் பிடித்துப்போய் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவுக்கும் ஃபிளேம்ஸ் என்றே பெயர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று இவர்கள் பெயரிலிருந்து ஒரு எழுத்தைக் குறைத்து 'தி ஃபிளேம்' ஆனார்கள். பீச் பாய்ஸின் சொந்த கம்பெனியான பிரதர் ரெக்கார்ட்ஸ் 1970-ல் வெளியிட்ட அவர்களுடைய ஆல்பத்தை கார்லே தயாரித்தார். கேட்டுப் பாருங்கள், பீட்டில்ஸ் வாடை தூக்கலாக இருக்கும், ஆனால் கிட்டார்களின் கோர்வையும் குரல்களின் கோர்வையும் முதிர்ந்த ஆட்களுடையது. பெரிதாகப் போகவில்லை. இரண்டாவது ஆல்பம் வெளிவரவே இல்லை. குழு கலைந்தது.

இங்கேதான் ஒரு குழுவை விட்டு இன்னொரு குழுவுக்குப் போவது என்றால் என்ன என்பது தெரிகிறது. பீச் பாய்ஸ் அப்போது தடுமாறிக்கொண்டிருந்த நேரம். பிரையன் வில்சன் மேடையை விட்டு ஒதுங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. டென்னிஸ் 1971-ல் கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டதால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை. 1972-ல் புரூஸ் ஜான்ஸ்டன் விலகினார். ரிக்கி டிரம்ஸுக்கு வந்தார், பிளாண்டி கிட்டாருக்கும் பாட்டுக்கும் வந்தார். அதுவும் கூலிக்கு வாசிக்க வந்தவர்களாக இல்லை, குழுவின் உறுப்பினர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். நிறவெறிச் சட்டம் உச்சத்தில் இருந்த ஒரு நாட்டிலிருந்து வந்த இரண்டு பேர், அமெரிக்காவின் வெள்ளைக்காரக் கடற்கரைக் கனவுக்கே அடையாளமாக இருந்த குழுவில் மற்றவர்களோடு சமமாக நின்றார்கள். டர்பனில் அந்தக் காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் வெள்ளையர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரையில் குளிக்கக்கூட முடியாது.

1972-ல் வந்த 'கார்ல் அண்ட் தி பேஷன்ஸ்' ஆல்பத்தில் இருவரும் எழுதிய இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. 'ஹியர் ஷி கம்ஸ்', 'ஹோல்டு ஆன் டியர் பிரதர்'. இரண்டும் பீச் பாய்ஸ் பாட்டு மாதிரியே இருக்காது என்று அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் குறைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் குறையை நான் ஏற்கமாட்டேன். புதிதாக ஒருவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு, பழையவர்கள் மாதிரியே வாசி என்றால் எதற்குக் கூப்பிட வேண்டும்? 'ஹாலந்து' ஆல்பத்தில் 'லீவிங் திஸ் டவுன்' என்ற பாட்டு, பிளாண்டி பாடியது. ஊரை விட்டுப் போகிறவனின் பாட்டு. நடுவில் ரிக்கியின் மூக் சிந்தசைஸர் (மின்னணுக் கீபோர்டு) நீண்ட ஒரு இழையாக ஓடும். நான் இரவில் வாசித்து முடித்து, எம்-4 நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது இதைத்தான் போடுவேன். சொந்த ஊரை விட்டு வந்த யாருக்கும் அந்தக் குரலில் இருக்கும் களைப்பு புரியும்.

1973 கடைசியில் பிளாண்டி விலகிவிட்டார், நிர்வாகத்தின் பக்கம் ஏற்பட்ட தகராறு. அடுத்த வருஷம் ரிக்கியும் போய்விட்டார். 1974-ல் பழைய பாட்டுகளைத் தொகுத்து 'எண்ட்லெஸ் ஸம்மர்' வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, குழு மெல்ல மெல்லப் பழைய பாட்டுக் கச்சேரியாக மாறிப்போனது. 'ஸெயில் ஆன், ஸெயிலர்' 1973-ல் வந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 79 வரைதான் ஏறியது, 1975-ல் மறுபடி வெளியிட்டபோது 49 வரை வந்தது. அந்த நேரத்தில் பாடியவர் குழுவிலேயே இல்லை. 1988-ல் பீச் பாய்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தபோது மூன்று வில்சன்கள், மைக் லவ், அல் ஜார்டின் என்று ஐந்து பெயர்களைத்தான் படித்தார்கள். இந்த இரண்டு டர்பன்காரர்களின் பெயர் இல்லை. இது நியாயமில்லை என்று நான் இப்போதும் சொல்வேன்.

இந்த இடத்தில் ட்ரெவர் ராபினையும் சொல்ல வேண்டும். அவரும் தென்னாப்பிரிக்கர், ஜோஹன்னஸ்பர்க், 1954-ல் பிறந்தவர். எழுபதுகளில் ரேபிட் என்ற குழுவில் இருந்து, ரசிகைகள் அலறுகிற அளவுக்கு நாடு முழுக்கப் புகழ்பெற்றவர். அதை விட்டு 1978-ல் லண்டன் போனார், தனி ஆல்பங்கள் போட்டார், பிறகு யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் சேர்ந்து 1983-ல் வந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டுக்கு முக்கிய காரணமாக இருந்தார். 1984 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதலிடம். பின்னாளில் 'ஆர்மகெடான்' மாதிரி ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்தார், 2017-ல் யெஸ்ஸோடு ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்றார். அபாரமான வாசிப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அந்தப் பாட்டின் கிட்டார் சோலோவை இன்றுவரை என்னால் முழுதாக வாசிக்க முடிந்ததில்லை. இரண்டு பேருடைய பயணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒருவர் தன் நாட்டிலேயே பெரிய மேடைகளை ஏறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இன்னொருவருக்குத் தன் நாட்டில் எந்த மேடை கிடைக்கும் என்பதையே தோல் நிறம்தான் முடிவு செய்தது. திறமையை ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பீச் பாய்ஸுக்குப் பிறகான பிளாண்டியின் வருஷங்களைச் சிலர் "அப்புறம் காணாமல் போய்விட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1977-ல் அஸைலம் கம்பெனியில் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டார். தி பேண்ட் குழுவின் ரிக் டான்கோ மாதிரி ஆட்களோடு வாசித்தார். 1997-லிருந்து 2007 வரை ரோலிங் ஸ்டோன்ஸின் சுற்றுப்பயணங்களில் பின்குரல், அகூஸ்டிக் கிட்டார், தாள வாத்தியம். உலகத்தின் பெரிய ராக் மேடையில் பத்து வருஷம்! 2006 பிப்ரவரியில் ரியோவின் கோபகபானா கடற்கரையில் ஸ்டோன்ஸ் இலவசக் கச்சேரி நடத்தினார்களே, பத்து லட்சத்துக்கும் மேல் ஜனம் கூடியதாகச் சொல்வார்கள், அந்த மேடையிலும் நம் டர்பன்காரர் நின்றார். இயக்குநர் ஸ்கார்ஸேஸி ஸ்டோன்ஸை வைத்து எடுத்த 'ஷைன் எ லைட்' படத்தில் பின்வரிசையைக் கவனியுங்கள். லிசா ஃபிஷர், பெர்னார்ட் ஃபவுலர், பக்கத்தில் பிளாண்டி. கேமரா முன்வரிசையின் மிக் ஜாகரையும் கீத் ரிச்சர்ட்ஸையும் விட்டு அந்தப் பக்கம் அதிகம் போகாது, போகிற சில நொடிகளில் பாருங்கள், எவ்வளவு நிதானமாக நிற்கிறார் என்று.

ஸ்டோன்ஸ் 1995 பிப்ரவரியில் ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் வந்து வாசித்தார்கள், நிறவெறி ஆட்சி ஒழிந்த மறுவருஷம். பிளாண்டி அவர்களோடு சேர்ந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அந்த வருஷமே சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

பின்வரிசை வேலை என்றால் லேசு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். புது ட்ரூப்பில் முதல் நாள் உட்காரும்போது நான் செய்வது இதுதான்: முதல் பாட்டில் பாதி வரை பெரிதாக எதுவும் வாசிக்கமாட்டேன். கீபோர்டுக்காரரின் இடது கையைப் பார்ப்பேன், பாஸ் பக்கம் அவர் எவ்வளவு நிரப்புகிறார் என்று. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார், இத்தனை கட்டை என்று, அதற்கு ஏற்ற மாதிரி கேபோவை (சுருதி மாற்ற கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வியை) நகர்த்த எனக்குக் கிடைப்பது டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணுகிற நேரம் மட்டும். பி.ஜி.எம். வரும் இடத்தில் லீட் யார் எடுக்கிறார், எனக்கு எங்கே சந்து கிடைக்கிறது என்று பார்த்து, அந்தச் சந்தில் மட்டும் வாசிக்க வேண்டும். நிறைய தெரிந்தவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது, தெரிந்ததை எல்லாம் முதல் பாட்டிலேயே காட்டிவிடப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரை அடுத்த வாரம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

இதை நினைத்துக்கொண்டு பிளாண்டி போன இடங்களைப் பாருங்கள். பீச் பாய்ஸில் குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக இழைக்க வேண்டும், ஒரு குரல் துருத்திக்கொண்டு நின்றால் மொத்தமும் கெட்டுப்போகும். ஸ்டோன்ஸில் எல்லாம் தலைகீழ், இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, தாளம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடிக்கொண்டு, அந்த ஆட்டமே அழகு. அங்கே போய் எல்லாவற்றையும் நேராக்க முயன்றால் பாட்டு செத்துவிடும். இரண்டு வீட்டுக்கும் பொருந்திப்போன ஒரே ஆள், ஆனால் பாடச் சொன்னால் இரண்டு இடத்திலும் குரல் அவருடையதேதான். எனக்குத் தெரிந்து ராக் உலகத்தில் இதைச் செய்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். கிரே தெருப் பக்கத்து நாட்களில் ஒரே இரவில் எல்லா விதமான பாட்டும் வாசித்து வளர்ந்ததன் பலன் இது என்று நான் நம்புகிறேன்.

மறுபடி கூப்பிட்டார்களா என்று மேலே கேட்டேன் இல்லையா. கூப்பிட்டார்கள். 2016-ல் பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக பிரையன் வில்சன் உலகம் சுற்றியபோது பிளாண்டியும் அந்தக் குழுவில் இருந்தார். இரவுக்கு இரவு 'ஸெயில் ஆன், ஸெயிலர்' வரும்போது அவர்தான் முன்னால் வந்து பாடினார், 'வைல்டு ஹனி'யையும் பாடினார். குழுவை விட்டுப் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகி, வயது அறுபத்தைந்து ஆன பிறகு. அந்தக் கச்சேரிகளின் வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையின் குறுக்கே நடந்து வருவார், கூட்டம் எழுந்துவிடும். பியானோ முன்னால் பிரையன் அமைதியாக உட்கார்ந்திருப்பார். 2022-ல் பிரையனின் கடைசிச் சுற்றுப்பயணம் வரை பிளாண்டி அவரோடு இருந்தார். அதே வருஷக் கடைசியில் பீச் பாய்ஸின் 1972 பதிவுகளை எல்லாம் திரட்டி ஒரு பெரிய தொகுப்பு வந்தது, தொகுப்பின் பெயரே 'ஸெயில் ஆன் ஸெயிலர்'. கார்லோடு பிளாண்டியும் ரிக்கியும் சேர்ந்து உழைத்த அந்தக் காலத்தை அப்போதுதான் பலர் உட்கார்ந்து கேட்டார்கள். பிரையன் 2025 ஜூனில் இறந்தார்.

ரிக்கி ஃபட்டாரை இரண்டு வரியில் விடுவது பாவம், அவருக்குத் தனியாகவே எழுத வேண்டும். பீட்டில்ஸைக் கேலி செய்து எடுத்த 'தி ரட்டில்ஸ்' படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் சாயல் கொண்ட பாத்திரம் அவர்தான், அப்புறம் அமெரிக்கப் பாடகி பானி ரைட்டின் டிரம்மராகப் பல வருஷம். 1989-ல் வந்த 'நிக் ஆஃப் டைம்' ஆல்பத்தின் டிரம்ஸில் எவ்வளவு இடைவெளி விட்டு வாசித்திருக்கிறார் என்று கேளுங்கள், டிரம்ஸ் கற்றுக்கொள்கிற நம் பையன்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஸ்டீவ் ஃபட்டார் வேறு வழியில் போனார். அவர் டர்பனுக்கே திரும்பி வந்துவிட்டார், 2020-ல் இறக்கும் வரை இந்த ஊரில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். தொடங்கியவர் ஊரில், கூட வந்தவர்கள் உலகத்தில். இதில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்று பிரிக்க எனக்கு மனமில்லை. அவரிடம் கற்றுக்கொண்ட கிட்டார்காரர்கள் இன்றும் இந்த ஊரில் வாசிக்கிறார்கள்.

டர்பன் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா, மாமா வீடுகளில் ஃபிளேம்ஸ் தட்டுகள், கச்சேரி நோட்டீஸ், புகைப்படம் எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கே கீழே எழுதுங்கள், நானே வந்து ஸ்கேன் எடுத்து, தட்டை டிஜிட்டலாக மாற்றி, உங்களிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் வாசித்ததை நேரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், எந்த ஹால், எந்தப் பாட்டு, யார் கூட ஆடினீர்கள் எல்லாம் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எதுவானாலும் சரி. சாட்ஸ்வொர்த் தாத்தாவின் தட்டை ஏற்கெனவே மாற்றிவிட்டேன். கேட்க விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்யாணம் இருக்கும்.